பனிக்காலத்தில் செடிக்கு எவ்வளவு உரம்?

மழை விட்டதும் செடி வெளுத்து நிற்பதைப் பார்த்துப் பதறி, புதிதாக மாடித்தோட்டம் போட்ட பிள்ளைகள் உரத்தை அள்ளி வைக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1. முதலில் தொட்டியின் அடியைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைச்சத்து கரைந்து ஓடியிருக்கும். வெளுப்புக்கு அது ஒரு காரணம். துளை அடைத்து வேர் தண்ணீரில் நின்றாலும் இலை வெளுக்கும். குச்சியால் துளையைக் குத்திவிட்டு, மேல்மண்ணைக் கிளறி, இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுங்கள். உரம் அப்புறம்.

2. எந்தச் செடி உறங்குகிறது, எது உழைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பனிக்கால உரக்கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. மல்லிகை ஓய்வெடுக்கும். பந்தல் அவரையோ பகல் குறுகும் இந்த நாட்களில்தான் பூக்கும். தக்காளி, முள்ளங்கி, கொத்தமல்லிக்கும் நல்ல பருவம். உழைக்கிற செடிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். பஞ்சகவ்யம் இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம்.

3. மார்கழியில் மல்லிகை பூக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கே பனியில் வரத்து சுருங்கி, பொங்கல் சமயத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகிறது. இது கவாத்துக் காலம். வயலில் நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டி, செடிக்கு 10 கிலோ தொழு உரம் வைப்பார்கள். தொட்டிச் செடியில் பாதி உயரத்தை எடுத்துவிடுங்கள். காய்ந்த குச்சி, நோஞ்சான் குச்சி எதையும் விட்டுவைக்க வேண்டாம். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். இரண்டு கைப்பிடி மக்கிய தொழு உரம், ஒரு கரண்டி வேப்பம் புண்ணாக்கு போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். பிறகு கணுக்களைக் கவனியுங்கள். கடுகளவு பச்சை முளை தெரியும்வரை தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும். முளை தளிரான பிறகு புண்ணாக்குத் தண்ணீரைத் தொடங்கலாம்.

4. சாயங்காலம் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரவெல்லாம் ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெயில் ஏறியதும், விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் வேரடியில் ஊற்றுங்கள்.

5. அவரைக் கொடியில் எறும்பு வரிசையாக ஏறினால், அதன் பின்னாலேயே போய் நுனியைப் பாருங்கள். பூங்கொத்தின் காம்பில் கறுப்பாக அசுவினி அப்பியிருக்கும். அது சுரக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. ஈரவிரலால் வழித்து எடுங்கள். மிஞ்சினால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தணிந்த பிறகு தெளியுங்கள். பொறிவண்டு தென்பட்டால் மருந்தே வேண்டாம், அது பார்த்துக்கொள்ளும். தழைச்சத்து அதிகமானால் தளிர் கொழுத்து அசுவினி இன்னும் பெருகும். யூரியா வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

6. நீலகிரிப் பிள்ளைகளுக்குக் கவலை வேறு. அங்கே உறைபனி இலையைக் கருக்கிவிடும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் செடியால் மூடுவார்கள். நீங்கள் பழைய வேட்டியைக் குச்சி நட்டுப் போர்த்தி, வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பனி போகும்வரை கவாத்தும் வேண்டாம், உரமும் வேண்டாம். இளந்தளிர்தான் முதலில் கருகும்.

7. மாசியில் வெயில் உறைக்கத் தொடங்கியதும் மல்லிகைக்கு உரத்தைக் கூட்டலாம். காய்ந்த மண்ணில் மட்டும் வைக்காதீர்கள். முதல் நாளே தண்ணீர் விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.