ஊன்றுகோலும் மாயக் கண்ணாடியும்

மழலைப் பருவத்தில் விழுந்தெழுந்து கற்ற நடையை நாம் யாவரும் மறந்துவிட்டோம். கால் எலும்பு முறிந்தால்தான், நடையும் கற்க வேண்டிய ஒரு பாடம் என்பது விளங்குகிறது.

இவ்வாண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கால் முறிந்து, ஊன்றுகோல்களுடன் பள்ளிக்கு வந்தாள். மூன்றாம் வாரம் அவள் கைவிரல்கள் மரத்துப்போயின. பேனா பிடிக்கவும் இயலவில்லை. உடலின் பாரத்தை அக்குளில் சாய்த்து நடந்ததால் அங்குள்ள நரம்பு அழுந்திவிட்டது என்றார் மருத்துவர். அன்றுதான் ஊன்றுகோலுக்கும் ஓர் இலக்கணம் உண்டென்று நாங்கள் அறிந்தோம்.

கோலின் மேல்முனை அக்குளுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே இருக்க வேண்டும். கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் அமைய வேண்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். இரு கோல்களும் அடிபட்ட காலும் முன்செல்ல, நல்ல கால் பின்தொடர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோல்களும் அடிபட்ட காலும் முதலில்.

கேட்பதற்கு எளிது, செய்வதோ கடினம். "அடிபட்ட காலில் பத்து கிலோ மட்டும் ஊன்றலாம்" என்று மருத்துவர் சொன்னால், பத்து கிலோவை எப்படி அறிவது? எடை பார்க்கும் கருவியின்மேல் காலை ஊன்றிப் பழக்குவார்கள். ஆனால் கருவியை விட்டு நகர்ந்ததும் அளவு தவறிவிடுகிறது.

இங்கேதான் புதிய விஞ்ஞானம் துணைக்கு வருகிறது. கண்ணெதிரே உள்ள காட்சியின்மேல் கணிப்பொறி வரையும் படத்தைப் பொருத்திக் காட்டுவதை 'ஆக்மென்டட் ரியாலிட்டி', அதாவது 'மிகை மெய்ம்மை' என்பர். 1968-இல் அமெரிக்காவில் இவான் சதர்லேண்ட் என்பவர் இதற்கு முன்னோடியான, தலையில் அணியும் கருவியைச் செய்துகாட்டினார். 2016-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'ஹோலோலென்ஸ்' கண்ணாடி வெளிவந்தது.

இத்தகைய கண்ணாடியை அணிந்தவருக்கு, அடுத்து எங்கே கோலை ஊன்றுவது, எங்கே காலை வைப்பது என்று தரையிலேயே சுவடுகளைக் காட்டலாம். கோலிலும் காலணியிலும் அழுத்தம் அளக்கும் உணரிகளைப் பொருத்தினால், பாரம் மிகும்போது சுவட்டின் நிறத்தை மாற்றி எச்சரிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பாரம் இவ்வாறு கண்ணுக்குத் தெரிகிறது. இதுவே இம்முறையின் சிறப்பு.

எனினும் குறைகளும் உண்டு. ஹோலோலென்ஸின் எடை அரைக் கிலோவுக்கும் மேல். விலையும் மிக அதிகம். அதன் உற்பத்தியும் 2024-இல் நின்றுவிட்டது. படத்தையே பார்ப்பவர் ஈரத்தரையைக் கவனிக்கத் தவறலாம். எந்தக் கண்ணாடியும் விழுபவரைத் தாங்கிப் பிடிக்காது. பயிற்சியாளர் அருகில் நின்றே ஆக வேண்டும். சுவடுகளையும் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் அவையின்றியே நடக்கப் பழக வேண்டும்.

எங்கள் தோழிக்கு மாயக் கண்ணாடி கிட்டவில்லை. அவளுடைய பயிற்சியாளர் தரையில் சுண்ணக்கட்டியால் சுவடுகள் வரைந்து நடக்கச் செய்தார். கோலின் உயரமும் திருத்தப்பட்டது. விரல்களின் மரப்பு மெல்ல நீங்கியது. காலாண்டுத் தேர்வைத் தன் கையாலேயே எழுதினாள்.

அன்புத் தோழியரே! ஊன்றுகோலுடன் ஒருவர் வரக் கண்டால் வழியிலுள்ள ஈரத்தைத் துடைப்போம். புத்தகப்பையை நாம் சுமப்போம். அவசரப்படுத்தாமல் உடன் நடப்போம். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.