ரோபோவுக்கு எந்த முகம்?

வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் சேர்ந்தால் முதல் சில வாரங்கள் நமக்குத் தடுமாற்றம்தான். அண்ணன் பெயரைச் சொல்லித் தம்பியை அழைப்போம். தம்பி செய்த குறும்புக்கு அண்ணனைக் கேட்போம். பிறகு ஒருநாள் கன்னத்து மச்சமோ, சிரிக்கும் விதமோ, நடையோ கண்ணில் படும். அதன்பின் குழப்பம் வராது. ஒருவரை இன்னார் என்று அறிய எவ்வளவு சிறிய அடையாளம் போதும் என்பது ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மனித உருவ ரோபோக்களை வடிவமைப்பவர்களும் இதே சிக்கலை வேறொரு கோணத்தில் சந்திக்கிறார்கள். அவர்களுடைய 'பிள்ளைகள்' அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தோற்றம் தர வேண்டுமா? தருவதென்றால் எதை மாற்றுவது? அப்படி மாற்றும்போது நம்மை அறியாமல் வேறு எதையாவது சேர்த்து வரைந்துவிடுகிறோமா? இந்தக் கேள்விகளை அறிவியல், கணிதம், ஓவியம், சமூக அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கும் பொதுவான ஒரு செயல்பாடாக வகுப்பறைக்குக் கொண்டுவரலாம்.

தனித்தோற்றம் எதற்கு?

கல்விக்கூடங்களில் அதிகம் பயன்பட்ட மனித உருவ ரோபோக்களில் ஒன்று நாவோ. உயரம் 58 செ.மீ. உடலின் சில பகுதிகளின் நிறம் வேறுபடலாமே தவிர, ஒரு நாவோவின் முகத்துக்கும் இன்னொரு நாவோவின் முகத்துக்கும் வேறுபாடு கிடையாது. ஓர் அறையில் ஐந்து நாவோக்கள் நின்றால், நேற்று நம்முடன் பேசியது எது, யாரிடம் எந்த வேலையைச் சொன்னோம் என்பது தெரியாமல் போகும். தவறு நடந்தால் எந்த ரோபோவை நிறுத்துவது என்பதும் தெரியாது.

முகம் மறைந்துவிட்டால் மனிதர்களுக்கும் இதே நிலைதான். நிலவில் இறங்கிய முதல் வீரர்களின் படங்களில், விண்வெளி உடைக்குள் இருப்பவர் யார் என்று பிரித்துச் சொல்வது கடினமாக இருந்தது. அதனால் பயணத் தலைவரின் தலைக்கவசத்திலும் கை கால்களிலும் சிவப்புப் பட்டை போட நாசா முடிவு செய்தது. 1971-இல் அப்போலோ 14 பயணத்தின்போது அந்தப் பட்டை முதன்முதலாக நிலவின் தரையில் காணப்பட்டது. ஒரு சிவப்புக் கோடு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிட்டது.

மூன்று வழிகள்

ரோபோவின் முகத்தை முடிவு செய்ய வடிவமைப்பாளர்கள் இதுவரை முயன்ற வழிகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, ஒரு மனிதரை அப்படியே படியெடுப்பது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி இஷிகுரோ 2006-இல் தம்மைப் போலவே ஒரு ரோபோவை உருவாக்கினார். அதன் பெயர் ஜெமினாய்டு. சிலிகான் தோல் கொண்ட அந்த உருவத்தைத் தொலைவிலிருந்து இயக்கலாம், அதன் வழியாகப் பேசலாம். 2011-இல் டென்மார்க் பேராசிரியர் ஒருவரின் சாயலிலும் ஒரு ஜெமினாய்டு உருவானது. இவற்றை வேறு எவருடனும் குழப்பிக்கொள்ள முடியாது. ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் தனி அச்சு வேண்டும், செலவும் அதிகம். மனிதருக்கு வயதாகும், படிக்கு ஆகாது. ஒருவர் முகத்தை எடுக்க அவருடைய ஒப்புதலும் வேண்டும்.

இரண்டாவது, அடையாளங்களை வேண்டுமென்றே குறைப்பது. இஷிகுரோ குழுவினரே 2010-இல் டெலினாய்டு என்ற ரோபோவை அறிமுகப்படுத்தினர். தலையில் முடி இல்லை, கால்கள் இல்லை, கைகள் குட்டையானவை. ஆணா பெண்ணா, இளையவரா முதியவரா என்று சொல்ல முடியாது. அதன் வழியாகப் பேசுபவர் மகளோ பேரனோ யாராக இருந்தாலும், கேட்பவர் அவர் முகத்தை மனத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே நோக்கம். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் உருவாக்கிய காஸ்பர் என்ற சிறுவன் உருவ ரோபோவின் முகமும் எளிமையானதே. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது அது. நொடிக்கு நொடி மாறும் மனித முகபாவங்களால் குழம்பும் குழந்தைக்கு, சில பாவங்களை மட்டும் தெளிவாகக் காட்டும் முகம் உதவுகிறது.

மூன்றாவது, உறுப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்துவது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஃப்ளோபி ரோபோவின் தலைமுடி, புருவம், உதடு ஆகியவற்றைக் கழற்றி வேறு பொருத்தலாம். சுவீடனில் உருவான ஃபர்ஹாட் ரோபோ இன்னும் ஒரு படி மேலே போனது. ஒளி ஊடுருவும் முகமூடியின் உட்புறத்திலிருந்து முகத்தைப் படமாக வீழ்த்துகிறார்கள். ஒரே ரோபோ காலையில் ஒரு முகத்தோடும் மாலையில் வேறொரு முகத்தோடும் தோன்ற முடியும்.

எவ்வளவு மனிதச் சாயல் வேண்டும்?

தனித்தோற்றம் என்றவுடன் 'மனிதரைப் போலவே செய்துவிடலாம்' என்று மாணவர்கள் சொல்வார்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970-இல் எழுதிய கட்டுரையில் அதைச் சுட்டிக்காட்டினார். ரோபோ மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் பிரியம் கூடும். ஏறத்தாழ மனிதரைப் போலவே ஆகி, ஏதோ ஒன்று மட்டும் சரியில்லை என்ற நிலை வரும்போது அந்தப் பிரியம் திடீரென அருவருப்பாகச் சரியும். வரைபடத்தில் அது ஒரு பள்ளத்தாக்காகத் தெரியும்.

அவர் காட்டிய உதாரணம் செயற்கைக் கை. நரம்பும் நகமும் அசலைப் போலவே இருக்கும் கையை உண்மையான கை என்று நம்பிக் குலுக்குகிறோம். அது குளிர்ந்து, எலும்பில்லாதது போல இருக்கிறது. உடனே நம் கை பின்வாங்குகிறது. அதனால் முழு மனிதச் சாயலைத் துரத்த வேண்டாம் என்பது மோரியின் அறிவுரை. மூக்குக் கண்ணாடி கண்ணைப் போல இருப்பதில்லை, ஆனாலும் முகத்துக்கு அழகு தருகிறது. வடிவமைப்பும் அப்படி இருக்கலாம் என்றார்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் 48 ரோபோக்களின் தலைகளை ஒப்பிட்டனர். மூக்கு, கண்ணிமை, வாய் ஆகியவை இருந்தால் பார்ப்பவர்கள் அந்தத் தலையை மனிதத்தன்மை மிக்கதாகக் கருதினர். கண்ணுக்கு மேல் இமை என்ற ஒரு கோட்டைச் சேர்த்தாலே தோற்றம் மாறும் என்பதை நாம் கரும்பலகையிலேயே வரைந்து காட்டலாம்.

தலைமுடி சொன்ன பொய்

2012-இல் பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ளோபி ரோபோவின் படங்களை மாணவர்களிடம் காட்டினார்கள். சிலருக்குக் குட்டை முடி வைத்த படம், சிலருக்கு நீள முடி வைத்த படம். உதட்டு வடிவில் சிறு மாற்றம் செய்திருந்தார்கள். உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றுதான்.

குட்டை முடி ரோபோ ஆணாகவும் நீள முடி ரோபோ பெண்ணாகவும் பார்க்கப்பட்டன. அது எதிர்பார்க்கக்கூடியதே. அதோடு நிற்கவில்லை. கருவிகளைப் பழுது பார்க்கவும் வீட்டைக் காவல் காக்கவும் குட்டை முடி ரோபோ பொருத்தம் என்றார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் நோயாளிகளைக் கவனிக்கவும் நீள முடி ரோபோ பொருத்தம் என்றார்கள். ரோபோவுக்கு ஆண் பெண் பேதம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் தலைமுடியைப் பார்த்த நொடியில் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

நிறத்திலும் இது நடக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் பார்ட்னெக் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ரோபோவின் மேற்பரப்பு நிறத்தை வைத்து மக்கள் அதற்கு ஓர் இனத்தைக் கற்பிப்பது தெரியவந்தது. மனிதர்கள் மேல் காட்டும் இனச்சார்பு ரோபோ மீதும் படிகிறது. சந்தைக்கு வரும் மனித உருவ ரோபோக்களில் பெரும்பாலானவை ஏன் வெள்ளையாகவே இருக்கின்றன என்ற கேள்வியையும் அவர்கள் எழுப்பினார்கள்.

ஆகவே வடிவமைப்பாளருக்கு இரண்டு கடமைகள். ரோபோ யார் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அது எப்படிப்பட்டது என்ற முன்முடிவைத் தோற்றம் திணிக்கக் கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு

6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு இரண்டு பாடவேளைகள் போதும். பழைய சார்ட் தாள், கத்தரிக்கோல், பசை, வண்ணப் பென்சில், பொத்தான், நூல் இருந்தால் போதுமானது.

படி 1: எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் வெட்டிய தலை வடிவத்தைக் கொடுங்கள். கண்ணில் 4 வகை, வாயில் 3 வகை, தலைமுடியில் 3 வகை வரைந்து வெட்டச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை முகங்கள் செய்யலாம் என்று கேளுங்கள். 4 × 3 × 3 = 36. உங்கள் வகுப்பில் 40 பேர் இருந்தால் ஆளுக்கொரு முகம் கிடைக்காது. காதில் 2 வகை சேர்த்தால் 72 ஆகிவிடும். எண்ணுதலின் பெருக்கல் விதி இங்கே தானாக வந்து சேரும்.

படி 2: செய்த முகங்களைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டு, கடைசி வரிசையில் இருப்பவர்களிடம் அடையாளம் கேளுங்கள். ஒரே ஓர் உறுப்பு மட்டும் மாறிய முகங்களில் குழப்பம் வரும். இப்போது ஒரு நிபந்தனை: எந்த இரு முகங்களை எடுத்தாலும் குறைந்தது இரண்டு உறுப்புகளாவது மாறியிருக்க வேண்டும். காது இல்லாத 36 முகங்களில் எத்தனை தேறும்? 9 மட்டுமே. வாயும் முடியும் ஒன்றாக உள்ள இரு முகங்களுக்குக் கண் மட்டுமே மாறும். எனவே ஒரு வாய்–முடி ஜோடி ஒரு முறைதான் வரலாம். அத்தகைய ஜோடிகள் 3 × 3 = 9. மூன்று வரிசை, மூன்று நிரல் கட்டம் வரைந்து, சுடோகு போல எந்த வரிசையிலும் நிரலிலும் ஒரே கண் இருமுறை வராமல் நிரப்பினால் அந்த 9 முகங்களும் கிடைக்கும். 8, 9 ஆம் வகுப்பு மாணவர்களே இதைக் கண்டுபிடிக்கட்டும். நாம் அவசரப்பட்டு விடையைச் சொல்ல வேண்டாம்.

படி 3: முடி மட்டும் மாறிய இரண்டு முகங்களை எடுத்து 'அ', 'ஆ' என்று பெயரிடுங்கள். நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தருதல், வெள்ளத்தில் ஆள்களை மீட்டல், பாட்டிக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டல், மின்விசிறி பழுது பார்த்தல் ஆகிய நான்கு வேலைகளையும் எந்த ரோபோவிடம் தருவீர்கள் என்று ஒவ்வொருவரும் துண்டுத் தாளில் பேசாமல் எழுதட்டும். விடைகளை எண்ணிக் கரும்பலகையில் பட்டை வரைபடமாக்குங்கள். அதன்பின் ஒரே ஒரு கேள்வி போதும்: "ரெண்டுக்கும் உள்ளே ஒரே மோட்டார், ஒரே பேட்டரிதானே! அப்புறம் ஏன் இப்படிப் பிரிச்சோம்?" பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும், பொறுத்திருங்கள்.

படி 4: குழுக்கள் தங்கள் ரோபோவைத் திருத்தி வடிவமைக்கட்டும். இம்முறை முடி, உதடு, தோல்நிறம் ஆகியவற்றுக்குப் பதிலாகக் கோடு, புள்ளி, எண், வடிவம் போன்றவற்றை அடையாளமாக்கலாம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று நினைவூட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத மாணவர்கள் நம் வகுப்பிலும் இருக்கலாம். பார்வைக் குறைபாடு உள்ள நண்பருக்கு இந்த ரோபோ யார் என்று எப்படித் தெரியும் என்றும் கேளுங்கள். குரல், தொட்டால் தெரியும் பொத்தான், நடக்கும் ஓசை எனப் புதிய யோசனைகள் வரும்.

தொடக்க வகுப்புகளில் முதல் படியும் அடையாளம் காணும் விளையாட்டும் போதும். ஒற்றுமை–வேற்றுமை அறிதல், உணர்ச்சிகளைப் பெயரிடல் ஆகிய திறன்களுக்கு அவை உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். வகுப்பில் உள்ள எந்தப் பிள்ளையின் முகத்தையும் மாதிரியாக எடுக்க அனுமதிக்க வேண்டாம், அது கேலியில் முடியும். 'கெட்ட ரோபோ' என்று சொல்லிக் கறுப்பு வண்ணத்தை யாராவது தீட்டினால் திட்ட வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். படி 3-இல் கேட்ட கேள்வியை அங்கேயும் கேளுங்கள்.

நமக்கும் ஒரு துண்டுத் தாள்

மாணவர்கள் எழுதும்போது நாமும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். பெஞ்சை இடம் மாற்ற யாரைக் கூப்பிடுகிறோம்? விழா நாளில் விருந்தினருக்குச் சந்தனத் தட்டு ஏந்தி நிற்கச் சொல்வது யாரை? கணினி சரியாக இயங்காவிட்டால் நம் கண் எந்த வரிசைப் பக்கம் போகிறது? முதல் பெஞ்சில் யார், கடைசிப் பெஞ்சில் யார் என்று சேர்ந்த நாளிலேயே எதைப் பார்த்து முடிவு செய்தோம்?

ரோபோவின் தலைமுடியைக் கழற்றி வேறு மாட்டினால் போதும், தவறு திருந்திவிடும். பிள்ளைகள் விஷயத்தில் அது முடியாது. மாற வேண்டியது நாம் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதம்தான். இந்தச் செயல்பாடு முடிந்த அடுத்த நாள், பெஞ்சைத் தூக்க ஒரு மாணவியையும் சந்தனத் தட்டு ஏந்த ஒரு மாணவனையும் அழைத்துப் பாருங்கள். முந்தைய நாள் பட்டை வரைபடம் வரைந்த பிள்ளைகளுக்குக் காரணம் புரியும்.