கதவுக்கு வெளியே ஆண்டவர் நிற்கலாமா?



தியான பகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 3:14-22, 1 சாமுவேல் 1:1-20

இயேசு வாசற்படியில் நின்று தட்டுகிறார் என்று சுவிசேஷக் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது இரட்சிக்கப்படாதவர்களுக்கான அழைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது? லவோதிக்கேயா சபைக்கு! விசுவாசிகளுக்கு! சபை உள்ளே இருக்கிறது, சபையின் ஆண்டவரோ வெளியே நிற்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நடுக்கம் வருகிறது.

1. மூடிய இருதயம்

லவோதிக்கேயா பட்டணத்தின் இடிபாடுகள் இன்றைய துருக்கி தேசத்தில் இருக்கின்றன. கி.பி. 60-ல் பூமியதிர்ச்சியால் அது இடிந்து விழுந்தது. ரோம அரசின் உதவி இல்லாமலே, தங்கள் சொந்தப் பணத்தில் அவர்கள் அதை மறுபடியும் கட்டினார்கள் என்று ரோம சரித்திர ஆசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ஊருக்கு அது பெருமைதான். ஆனால் அதே குணம் சபைக்குள்ளும் வந்துவிட்டது. தங்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்று ஆண்டவரிடமே சொல்லுகிற நிலைமைக்குப் போய்விட்டார்கள்.

நாம் எப்படி? "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம் பாஸ்டர்" என்கிறோம். மனுஷரிடம் அப்படிச் சொல்லலாம், தப்பில்லை. முழங்காலிலும் அதையே சொல்லிவிட்டு எழுந்துபோனால்? கைதட்டிப் பாடலாம், அந்நியபாஷையில் பேசலாம், உபவாசக் கூட்டத்துக்குத் தவறாமல் வரலாம். உள்ளே ஒரு அறை மட்டும் பூட்டியே கிடக்கும்.

2. திறந்த இருதயம்

இப்போது சீலோவுக்கு வாருங்கள். அன்னாளைப் பாருங்கள். பிள்ளை இல்லை. வருஷந்தோறும் பெனின்னாளின் குத்தல் பேச்சு. புருஷன் எல்க்கானா அன்பானவன்தான், ஆனாலும் அந்த வேதனையை அவனால் ஆற்ற முடியவில்லை. அவள் எழுந்து கர்த்தருடைய சந்நிதிக்குப் போனாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியனாகிய ஏலியோ, குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான்! அவளோ, நான் குடிக்கவில்லை, என் இருதயத்தைக் கர்த்தருக்கு முன் கொட்டினேன் என்ற கருத்தில் பதில் சொன்னாள்.

இதில் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். 18-ம் வசனத்தில் அவள் போய்ச் சாப்பிட்டாள், அவள் முகத்தில் துக்கம் இல்லை. சாமுவேல் பிறந்தது 20-ம் வசனத்தில்! பிள்ளை வருமுன்னே முகம் மாறிவிட்டது. பெனின்னாள் அதே வீட்டில்தான் இருந்தாள். சூழ்நிலை மாறவில்லை, அன்னாள் மாறினாள். இருதயத்தைத் திறக்கிறவர்களுக்குக் கிடைக்கிற முதல் பதில் இதுதான்.

3. நான் கண்ட ஒரு சாட்சி

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி எல்லாருக்காகவும் பாரத்தோடு ஜெபிப்பார். "உங்களுக்கு என்னம்மா ஜெபிக்கணும்?" என்றால், "ஒண்ணுமில்லை பாஸ்டர்" என்பார். ஒருநாள் என் மனைவியிடம் அழுதுவிட்டார். கணவர் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார், நகையெல்லாம் அடகில், வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. "ஆண்டவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன். "அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே பாஸ்டர்" என்றார்.

தெரியும்தான். டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, காயத்தைத் துணியால் மூடிக்கொள்ளலாமா? நாங்கள் 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை வாசித்தோம். அன்று அவர் வழக்கமான ஜெப வார்த்தைகளை விட்டுவிட்டார். "அப்பா, எனக்கு பயமா இருக்கு. அவர் மேல கோபமா இருக்கு. உம்ம மேலயும் வருத்தமா இருக்கு" என்றார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் கடன் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஆனால் அன்றிரவு கணவரோடு சண்டையில்லாமல் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். கடன் இன்னும் முழுவதும் அடையவில்லை. அந்த வீட்டில் இப்போது சேர்ந்து ஜெபிக்கிறார்கள். ஸ்தோத்திரம்!

4. நாம் செய்யவேண்டியது

* பேர் சொல்லி ஜெபியுங்கள். "என் குறைகளை மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்று மருமகளிடம் இப்படிப் பேசினேன்" என்று சொல்லுங்கள்.

* வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். அடுப்படியிலும் பஸ்ஸிலும் பேசலாம். அன்னாளைப்போல் சத்தமில்லாமலும் பேசலாம்.

* எல்லாவற்றையும் சாட்சி நேரத்தில் சொல்ல வேண்டியதில்லை. தன் மனக்கிலேசத்தை அன்னாள் ஏலியிடம் சொன்னாள், காரியம் இன்னதென்று அந்த நேரத்தில் சொன்னதாக வேதத்தில் இல்லை. கர்த்தருக்கோ முழுவதும் சொன்னாள்.

* மூப்பர்களே, ஊழியர்களே, ஏலியைப்போல் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதிருப்போம். அழுகிறவர்கள் நம் சபையில் பயமில்லாமல் அழட்டும்.

பிரியமானவர்களே, இந்த வாரம் நீங்கள் ஆண்டவரிடம் இதுவரை சொல்லாத அந்த ஒரு காரியம் எது? இன்றிரவு படுக்குமுன் அதைச் சொல்லிவிடுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, நாங்கள் பூட்டிவைத்த அறையின் சாவியை உம்முடைய கரத்தில் தருகிறோம். உள்ளே வாரும். எங்கள் சூழ்நிலை மாறுமுன்னே எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.