உலோகம் கண்டறியும் கருவிகளில் சிறந்தது எது?

விமான நிலையத்தில் காவலர் கையிலுள்ள ‘மெட்டல் டிடெக்டர்’ பலரும் அறிந்ததே. இக்கருவிகளில் பல வகை உண்டு. அவற்றுள் எது சிறந்தது என்று ஆராய்வோம்.

1831-ஆம் ஆண்டு ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இவற்றிற்கு அடிப்படை. கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டம் பாயும்போது மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அருகில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அதன் விளைவைக் கருவி உணர்ந்து ஒலிக்கிறது.

1881-இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட, அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியைப் பயன்படுத்தினார். மருத்துவர் வலப்புறத்தையே தேடச் செய்தார். குண்டோ இடப்புறத்தில் இருந்தது. தலைவர் இறந்தார். தேடும் இடம் தவறானால் நல்ல கருவியாலும் பயனில்லை அன்றோ!

இன்று இருவகைக் கருவிகள் முக்கியமானவை. முதலாவது, தாழ் அதிர்வெண் கருவி. இதில் அனுப்பும் சுருளும் பெறும் சுருளும் தனித்தனியே உள்ளன. இரும்பா, வெள்ளியா என்று ஓரளவு பிரித்துக் காட்டும். ஆனால் உப்பு நீரும் இரும்புத்தாது மிகுந்த மண்ணும் இதைக் குழப்பிவிடும். இரண்டாவது, துடிப்புத் தூண்டல் கருவி. இது மின்துடிப்பை அனுப்பி, நிறுத்தி, பின் உலோகத்தின் எதிர்விளைவைக் கவனிக்கிறது. கடற்கரையிலும் தாதுமண்ணிலும் நன்கு இயங்கும். ஆயினும் ஆணியையும் நாணயத்தையும் பிரித்தறிவதில் பின்தங்கியது.

புதையல் தேடுவோருக்கு இக்குறை சிறு தொல்லையே. கண்ணிவெடி அகற்றுவோருக்கு நிலைமை வேறு. பல கண்ணிவெடிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். அதையும் காட்டுமளவு நுட்பமான கருவி, ஒவ்வொரு ஆணிக்கும் தகரத்துண்டிற்கும் ஒலிக்கும். ஒலித்த இடமெல்லாம் மண்டியிட்டு மெல்லத் தோண்ட வேண்டும். கம்போடியாவில் மகாவா என்ற எலி, உலோகத்தை விடுத்து வெடிமருந்தின் மணத்தை மோப்பம் பிடித்து, எழுபதுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு 2020-இல் தங்கப் பதக்கம் அளிக்கப்பட்டது!

இலங்கையின் வடபகுதியில் 2009-இல் போர் முடிந்தபின், கணவரை இழந்த பெண்கள் பலர் இக்கருவியை ஏந்திக் கண்ணிவெடி அகற்றும் பணியில் இறங்கினர். அவர்கள் தூய்மையாக்கிய நிலத்தில் பிள்ளைகள் அச்சமின்றி நடக்கிறார்கள்.

ஆகவே தோழியரே, எல்லா இடத்திற்கும் சிறந்த கருவி என ஒன்றில்லை. மண்ணையும் தேடும் பொருளையும் அறிந்து தேர்ந்தெடுப்பதே சிறப்பு. கருவி ஒலி எழுப்பும். பொறுமையுடன் மண்ணை விலக்க வேண்டியது மனிதக் கையே.