கேள்வி கேட்கத் தயங்குவது ஏன்?

மருத்துவர் பார்வையிட்டுச் சென்ற பிறகு, நோயாளியும் உடனிருப்போரும் ஏதோ ஓர் ஐயத்தைத் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். “அவரிடமே கேட்டிருக்கலாமே” என்றால், “பெரிய டாக்டரிடம் எப்படிக் கேட்பது? நமக்கு என்ன தெரியும்?” என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. இத்தயக்கத்தை அறியாமை என்றோ கோழைத்தனம் என்றோ கொள்வது சரியன்று. அதிகாரத்திற்குப் பணிவதும் கூட்டத்தோடு ஒத்துப்போவதும் எவருக்கும் உள்ள இயல்புகள். மருத்துவம் பயின்றவர்களும் இதற்கு விலக்கல்லர் என்பதை ஒரு மருத்துவமனை ஆய்வே காட்டியது.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங்கும் அவருடைய குழுவினரும் அவ்வாய்வின் முடிவுகளை வெளியிட்டனர். வார்டில் தனியே பணியிலிருக்கும் செவிலியருக்குத் தொலைபேசி அழைப்பு வரும். முன்பின் அறியாத ஒருவர் தம்மை மருத்துவர் எனக் கூறிக்கொண்டு, குறிப்பிட்ட நோயாளிக்கு ‘ஆஸ்ட்ரோட்டன்’ என்னும் மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்குமாறும், சற்று நேரத்தில் தாம் வந்து கையொப்பமிடுவதாகவும் சொல்வார். மருந்துப் பெட்டியின் மீதோ, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தொலைபேசியில் சொல்வதை மட்டும் நம்பி மருந்து கொடுப்பது விதிக்கும் புறம்பானது. ஆயினும் 22 செவிலியருள் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கிப் புறப்பட்டனர். (அது தீங்கற்ற குளுக்கோஸ்தான்; அவர்களும் வழியிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர்.) இதே சூழ்நிலையை வேறு 12 செவிலியரிடம் விவரித்து, “நீங்கள் என்ன செய்வீர்கள்?” எனக் கேட்டபோது, 10 பேர் மருந்தைக் கொடுக்கமாட்டோம் என்றே கூறினர்.

இக்கதையை இத்துடன் நிறுத்திவிடுவோர் பலர். அது செவிலியருக்கு நியாயம் செய்வதாகாது. 1977ஆம் ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதே சோதனையை மீண்டும் செய்தனர். இம்முறை மருந்து செவிலியருக்கு நன்கு பழக்கமானது. உடன்பணியாளரிடம் கலந்து பேசவும் வாய்ப்பிருந்தது. அளவுமீறிய மருந்தைக் கொடுக்க முற்பட்டோர் 18 பேரில் இருவர் மட்டுமே. பணிவு என்பது மனிதரின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று; அவர் தனித்து விடப்பட்டாரா, துணையோடு இருந்தாரா என்பதையும் பொறுத்தது.

இத்துணையின் ஆற்றலைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1950களில் சாலமன் ஆஷ் என்னும் உளவியலாளர், ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு வேறு மூன்றில் எது என்று ஓர் அறையில் இருந்தோரை வரிசையாகக் கேட்டார். விடை கண்ணெதிரே தெரியும். ஆனால் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆய்வாளரின் ஆட்கள். வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். உண்மையறியாத அந்த ஒருவராக அமர்ந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒருமுறையேனும் கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடையைக் கூறினர். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லுமாறு அமைத்தபோதோ, அத்தவறுகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன.

1971இல் வெர்னன் ஆலன், ஜான் லெவைன் இருவரும் இன்னொரு படி சென்றனர். அவர்கள் அமர்த்திய துணைவர் தடித்த கண்ணாடி அணிந்தவர். பார்வை மிகக் குறைவு என்பது பக்கத்திலிருந்தவருக்கும் தெரியும். பார்த்துச் சொல்லவேண்டிய சோதனையில் அவருடைய கருத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? இருந்தும், அவர் கூட்டத்தினின்று வேறுபட்டுப் பேசியதே மற்றவருக்கு ஓரளவு துணிவைத் தந்தது.

“நமக்கு என்ன தெரியும்” என்று ஒதுங்கும் உடனிருப்போருக்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம். படுக்கையில் கிடப்பவர் களைத்திருப்பார். மருத்துவர் குழுவாக வந்து நிற்கும்போது அவர் நாவெழாமல் போவது இயல்பு. மருந்தியல் அறியாத மகளோ தம்பியோ, “ஐயா, அம்மாவுக்கு ஒன்று கேட்கவேண்டுமாம்” என்று தொடங்கிவைத்தாலே பாதி வேலை முடிந்தது. “சிஸ்டர், நேற்று வரை வெள்ளை மாத்திரை கொடுத்தீர்கள், இன்று மஞ்சளாக இருக்கிறதே, இது எதற்கு?” என்பது மரியாதைக் குறைவான கேள்வியன்று. கேட்பது மறுப்பதாகாது. பெரும்பாலும் மருந்தின் நிறுவனம் மாறியிருக்கும். ஒரு நிமிடத்தில் விளக்கம் கிடைத்துவிடும். ஐயத்தை விழுங்குவதற்கு முன் கேட்கவேண்டும். கேளாமல் மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்துவிடுவது அபாயமானது.

வீடு திரும்பிய பின் நெருக்குதல் வேறு திசையிலிருந்து வரும். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்துண்ணச் சொல்லியிருப்போம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடல் தேறியதும், “போதும், இவ்வளவு மாத்திரை உடம்புக்குச் சூடு” என்று பார்க்க வருவோர் ஒருவர் பின் ஒருவராகச் சொல்வார்கள். அத்தனை பேரும் அன்பால்தான் சொல்கிறார்கள். அதனாலேயே மறுப்பது கடினமாகிறது. இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும் என்பதை நோயாளி அறிந்திருந்தும், ஆஷின் அறையில் அமர்ந்தவரைப் போல் தலையசைத்துவிடுவார். அவ்வேளையில் வீட்டில் ஒருவர், “டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது” என்று உரக்கச் சொல்லவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை, வீடு திரும்பும் நாளிலேயே குடும்பத்தினர் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

மருத்துவமனையில் இருக்கும் நாட்களில், தோன்றும் ஐயங்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்து, காலைப் பார்வையின்போது அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவுத் துணைக்கு வேறொருவர் வரும்போது, அவரிடம் குறிப்பேட்டை ஒப்படைத்து, எந்தக் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிச் செல்லுங்கள்.