டிஜிட்டல் கையொப்பம்: யார் சொல்லி நம்புகிறார்கள்?



புதிதாக ஒருவர் வந்து கடனுக்குச் சரக்கு கேட்டால், முகத்தைப் பார்த்து மட்டும் நாம் மூட்டையை ஏற்றி விடுவதில்லை. எந்த ஊர், இதுவரை யாரிடம் கொள்முதல் என்று விசாரிக்கிறோம். நமக்குத் தெரிந்த மண்டிக்காரர் "நல்ல மனிதர்தான், கொடுக்கலாம்" என்றால் கொடுக்கிறோம். அங்கே நாம் நம்புவது வந்தவரை அல்ல, சொன்னவரை. கம்ப்யூட்டரில் போடும் டிஜிட்டல் கையொப்பமும் இந்த வழியில்தான் செல்லுபடியாகிறது.

இதற்கு அடிப்படை, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். மத்திய அரசு நியமிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி, சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தருகிறார். நிறுவனம் நம் ஆதாரங்களைச் சரிபார்த்து, வீடியோவிலும் நம்மைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. ஜி.எஸ்.டி. தளம் நம்மைக் கண்டதே இல்லை. சான்றிதழில் நிறுவனத்தின் கையொப்பம், அதற்கும் மேலே அதிகாரியின் கையொப்பம் என்று படிப்படியாகப் பார்த்து ஏற்கிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஏற்காது.

இத்தனை கட்டுக்காவலும் கடைசியில் வந்து நிற்பது நம் மேசை டிராயரில் கிடக்கும் டோக்கனில். பென்டிரைவ் போல இருக்கும் அதனுள்தான் கையொப்பமிடும் ரகசியச் சாவி இருக்கிறது. டோக்கனும் பின் நம்பரும் யாரிடம் உள்ளனவோ, அவர் நம் பெயரில் கையொப்பமிடலாம்.

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. டோக்கனைக் கணக்கெழுதுபவரிடமே விட்டு வைத்திருந்தோம். மறக்கக் கூடாதென்று பின் நம்பரை உறையின் மேலேயே எழுதியும் கொடுத்தோம் (புத்திசாலித்தனம்!). அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் நினைவு வந்தது. நல்லவேளையாக விபரீதம் ஏதுமில்லை. டோக்கனைத் திருப்பித் தந்துவிட்டார்.

பிறகுதான் சட்டத்தின் 42-ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தோம். சாவியைக் காப்பது நம் கடமை. அது பிறர் வசம் போய்விட்டால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை பொறுப்பு நம்முடையதே. தெரிவித்தால் சான்றிதழை ரத்து செய்து, ரத்துப் பட்டியலில் சேர்த்து விடுவார்கள். பட்டியலைப் பார்க்கும் தளங்கள் அதன்பின் அந்தக் கையொப்பத்தை ஏற்பதில்லை. ஆகவே நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைக் கல்லாப்பெட்டி அருகே ஒட்டி வைப்பது நல்லது.

இப்போது எங்கள் கணக்கர் மாதம் ஒருநாள் கடைக்கு வருகிறார். டோக்கனை எடுத்துக் கொடுத்து, பின் நம்பரை நாங்களே அழுத்துகிறோம். அரைமணி நேரம் வியாபாரம் கெடுகிறது. கெடட்டும்.