கறளும் பெயின்டும்: ஒரே ஒட்சிசனின் இரு வேலைகள்

பெருநாள் நெருங்கினால் நம் கடலோர ஊர்களில் இரும்புக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் புதுப் பெயின்ட் பூசப்படும். ஆனால் பல வீடுகளில் அடுத்த மாரி முடிவதற்குள் அது பொருக்காகக் கழன்று விடுகிறது. சிலவேளை பூசி மூன்று நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. "பெயின்ட் சரியில்லை" என்கிறோம். உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கும் மாணவியான நான், பெரும்பாலும் குறை டின்னுக்குள் இல்லை என்பதை இங்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் கறள். பாடநூல் இதைத் துரு என்கிறது. இரும்புடன் நீரும் ஒட்சிசனும் சேரும்போது இது உண்டாகிறது. கடற்காற்றிலுள்ள உப்பு அந்த நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டுவதால் தாக்கம் விரைவாகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக கனவளவுடையது. ஆகவே கறளின்மேல் பூசினால், உள்ளே வளரும் துரு பெயின்டைத் தள்ளி உதிர்த்துவிடும்.

எனவே கம்பிப் பிரஷாலும் அரத்தாளாலும் கறளை நீக்குங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலால் அதை ஈரப்படுத்தித் தேயுங்கள். சிறுபிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பின் நல்ல நீரால் உப்பைக் கழுவி, முற்றாகக் காயவிட்டு, அன்றே இரும்புக்குரிய பிரைமரைப் பூசுங்கள்.

அடுத்தது பெயின்ட் காய்தல். எனமல் பெயின்ட், துணி காய்வதுபோல் காய்வதில்லை. முதலில் கரைப்பான் ஆவியாகிறது. பிறகு அதிலுள்ள எண்ணெய்ப் பகுதி வளியிலிருந்து ஒட்சிசனை எடுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. ஆளிவிதை எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். மெல்லியதாகப் பூசினால் சில நாட்களில் படலமாக இறுகும். தேங்காய் எண்ணெயில் அவை மிகக் குறைவு. எத்தனை நாள் வைத்தாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். இரும்பைக் கெடுக்கும் அதே ஒட்சிசன்தான் இரும்பைக் காக்கும் பெயின்டை இறுகச் செய்கிறது!

ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால், மேற்பரப்பு ஆடைபோல் மூடிக்கொள்ளும். ஒட்சிசன் உள்ளே போகாது. அதனால்தான் அடியில் ஈரம் நிற்கிறது. மண்ணெண்ணெய் கலந்தாலும் அது மெதுவாக ஆவியாவதால் காய்தல் பிந்தும். டின்னில் குறிப்பிட்ட தின்னரையே சேருங்கள்.

மெல்லிய இரண்டு பூச்சுகள் போதும். பொதுவாக இடையில் ஓர் இரவாவது விடுங்கள். சரியான நேரம் டின்னில் இருக்கும். சாரீரப்பதன் 85 சதவீதத்துக்கு மேலுள்ள நாட்களைத் தவிருங்கள். காலைப் பனி உலர்ந்த பின் தொடங்கி, மாலைப் பனிக்கு வெகுமுன் முடியுங்கள்.

தொட்டால் ஒட்டாத பெயின்டும் முழுமையாக இறுகச் சுமார் ஒரு வாரம் எடுக்கும். ஆகவே பெற்றோரே, பெருநாளுக்கு முந்திய இரவில் அல்ல, இரண்டு வாரம் முன்பே பிரஷை எடுங்கள். அந்தப் பொறுமை, ஆண்டுதோறும் வீணாகும் ஒரு டின் பெயின்டின் காசை மிச்சப்படுத்தும்.